மறுமொழி: இடைக்கடலா, அந்தி மண்டலமா? நான் சொல்வது 'கருக்கல்'

> மெசோபெலாஜிக் மீன்களை 'இடைக்கடல் மீன்கள்' என்றே எழுதிவிடலாமே.

வணக்கம். கடலுயிர்ச் சொற்களுக்கு நாம் போடும் தமிழ்ப் பட்டியலில், கடலின் நடு ஆழத்தில் வாழும் இந்த மெசோபெலாஜிக் மீன்களுக்கு இடைக்கடல் வேண்டாம் ஐயா. கடலில் இடை, நடு என்றாலே கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்றுதான் நம் காதில் விழும். நடுக்கடலில் படகு நின்றுபோனது என்றால் யாரும் ஆழத்தை நினைப்பதில்லை. 'ஆழ்கடல் மீன்' என்ற சொல்லும் கைவிட்டுப் போய்விட்டது, ஆழ்கடல் மீன்பிடிப்பு என்று செய்தித்தாளில் வருவது தொலைவு போய்ச் சூரை பிடிப்பதையும் சேர்த்துத்தான்.

நமக்குப் பெயர் வேண்டியது 200 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரையுள்ள நீருக்கு. வெயில் கொஞ்சம் எட்டும், ஆனால் பாசிகள் உணவு தயாரிக்க அது போதாது. அதனால் 'மங்கொளி மண்டலம்' எனக்கும் முதலில் பிடித்திருந்தது. மீனோடு சேர்த்ததும் சிக்கல். மங்கொளி மீன் என்றால் மங்கலாக ஒளிவிடும் மீன் என்று படிப்பார்கள், அங்கே இருக்கும் விளக்குமீன்கள் நிஜமாகவே ஒளிவிடுபவை என்பதால் அந்தத் தப்பு கடைசிவரை திருந்தாது.

அப்புறம் 'அந்தி'. விளக்குமீன்களில் பல, பொழுது சாய்ந்ததும் மேலே ஏறி வந்து மிதவை உயிரிகளைத் தின்றுவிட்டு, விடிவதற்குள் கீழே இறங்கிவிடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சோனார் (ஒலி அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவி) வைத்துப் பார்த்தவர்களுக்கு இப்படி ஏறி இறங்கும் உயிரினக் கூட்டம் கடலடித் தரை போலவே தெரிந்திருக்கிறது, இரவானால் மேலே எழும்பி வரும் தரை! அந்தி என்று வைத்தால் ஏறுவது மட்டும்தான் பெயரில் இருக்கும். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன 'மைமல்' அழகான சொல், ஆனால் அதுவும் மாலைக்கே உரியது. கருக்கல் அப்படியில்லை. அந்திக் கருக்கலும் உண்டு, விடியக் கருக்கலும் உண்டு, இந்த மீன்கள் இடம் மாறுவதும் அந்த இரண்டு பொழுதிலும்தான். கருக்கல் அடுக்கு, கருக்கல் மீன் என்று சேர்த்துச் சொல்லவும் நாக்கு இடறவில்லை.

எல்லா மீனும் ஏறி இறங்குவதில்லை, சரி. சைக்ளோத்தோன் ஆழத்திலேயே கிடக்கும். விரல் நீளம்கூடத் தேறாத மீன், ஆனால் முதுகெலும்புள்ள உயிர்களில் உலகிலேயே எண்ணிக்கையில் அதிகம் இதுதான் என்று கருதுகிறார்கள். பகலெல்லாம் கருக்கலிலேயே இருக்கும் அதற்கும் இந்தப் பெயர் பொருந்தும்.

இன்னொன்று. கோடாரிமீனின் வயிற்றுப் பக்கம் ஒளியுறுப்புகள் வரிசையாக இருக்கும். மேலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறதோ அதே அளவு கீழ்நோக்கி ஒளிவிடும், கீழே இருந்து பார்க்கும் எதிரிக்கு நிழலே தெரியாது. இதற்கு நம் பட்டியலில் 'எதிரொளியூட்டல்' என்று இருக்கிறது, படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. தமிழில் ஒளி என்றால் வெளிச்சம், மறைந்துகொள் என்பதற்கும் அதே ஒளிதான். 'ஒளியொளிவு' என்று வைக்கலாமா? ஒளிவு மறைவில் வருகிற அதே ஒளிவு. பட்டியலை முடிப்பதற்கு முன் இதற்காவது ஒரு வரி எழுதுங்கள்.