ராமேஸ்வரம் கூட்டத்தைத் தவிர்த்து நீங்கள் போன கடற்கரை எது?

பரமக்குடிக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடி எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அரிச்சல்முனையில் வண்டியைத் திருப்பவே இடமில்லை. அம்மாவுக்கு முட்டிவலி, இறங்காமலே திரும்பிவிட்டோம். அடுத்த வாரம் தொண்டிப் பக்கம் காரங்காடு போனோம். அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்ததும் படகுக்காரத் தம்பி மோட்டாரை நிறுத்தினார். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த அம்மாவும் கப்பென்று அமைதியாகிவிட்டார். சேற்றில் ஆணி அடித்து வைத்ததுபோல மூச்சுவேர்கள். நடுவே நகம் அளவுக்கு ஒரு நண்டு, ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக, தூக்கித் தூக்கி ஆட்டியது. “நம்மளக் கூப்பிடுது பாருடா” என்றார் அம்மா. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா என்றும் கேட்டார். வெயில் ஏறுது என்று நான்தான் கிளப்பிவிட்டேன். இருந்திருக்கலாம்.

தொண்டி வாசி:
தயவுசெய்து காரங்காட்டை இப்படிப் பொதுவில் எழுதாதீர்கள். அரியமான் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் ஆள் அரவமே இல்லாமல் படுத்திருந்தவன் நான். போன பொங்கலுக்குப் போனால் உட்கார இடமில்லை, மணலெல்லாம் பிளாஸ்டிக் தட்டு. வயிறெரிகிறது.

உச்சிப்புளி:
தொண்டி அண்ணே, எழுதாமல் விட்டால் அங்கே படகு ஓட்டும் ஊர்ப் பிள்ளைகளுக்கு வருமானம் எங்கிருந்து வரும்? குப்பை போடுபவனைத் திட்டுங்கள், வழி சொன்னவரை வேண்டாம்.

என் அனுபவம் சின்னதுதான். ஆனி மாதம் விருந்தாளிகளைச் சேதுக்கரைக்குக் கூட்டிப்போனேன். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் மணல் முகத்தில் அறைந்து கைக்குழந்தை வீறிட்டு அழுதது. காற்று தெரிந்தும் கூட்டிப்போனேனே என்று இன்றும் உறுத்துகிறது. அதனால் சொல்கிறேன், காற்றைப் பார்த்துக் கிளம்புங்கள். கச்சான் அடிக்கும் வைகாசி முதல் ஆவணி வரை தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் விரிகுடா குளம்போல் கிடக்கும். அப்போது அரியமான், தேவிபட்டினம் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் வாடை எழுந்தால் அப்படியே தலைகீழ், தெற்கே வாலிநோக்கம் பக்கம் போங்கள். பெரியவர்கள் வடக்கே இருப்பதைப் பெண்கடல், தெற்கே இருப்பதை ஆண்கடல் என்று சும்மாவா பிரித்தார்கள்? ஆடி, தை அமாவாசைகளில் சேதுக்கரையும் தேவிபட்டினமும் வேண்டாம், திதி கொடுக்க ஊரே திரண்டிருக்கும். அப்புறம், ஆளில்லாத் தீவுதானே என்று யார் படகிலாவது ஏறிப் போய் இறங்கிவிடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

மதுரையிலிருந்து:
ஏர்வாடி தாண்டி ஒரு சின்ன ஊர். கூட்டமே இல்லை. கடல்பாசி எடுக்கும் அக்காமார் கடலிலிருந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். விரல் விரலாகத் துணி சுற்றியிருந்தது, பாறை கிழிக்காமலிருக்க. ஒருவர் அந்தத் துணியைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். விரல்நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. கேட்காமலே போனைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். படத்தை அன்றைக்கே அழித்தேன்.