மன்னரின் ஏ.டி.சி. குடியரசின் முதல் அதிபரானது எப்படி? அட்மிரல் பாவ்லோஸ் குந்துரியோத்திஸ்

நெய்தல்:
கிரேக்கமும் அண்டை நாடுகளும் ஒட்டோமான் (துருக்கிப்) பேரரசை எதிர்த்த 1912–13 பால்கன் போரைப் படிக்கும் எவரும் கிரேக்க அட்மிரல் குந்துரியோத்திஸின் பெயரைத் தாண்டிப் போக முடியாது. 1908இல் மன்னர் முதலாம் ஜார்ஜின் ஏ.டி.சி. (உடனிருக்கும் ராணுவ உதவி அதிகாரி); 1924இல் முடியாட்சியை நீக்கிய குடியரசின் முதல் அதிபர். இந்த மாற்றம் எப்படி நடந்தது? அதோடு, எல்லி கடற்சண்டையை ஒரு நூல் டிசம்பர் 3 என்கிறது, இன்னொன்று டிசம்பர் 16 என்கிறது. அதிபராக இருந்த காலமும் 1924–26 என்று ஓரிடத்தில், 1924–29 என்று வேறிடத்தில். எதை எடுத்துக்கொள்வது? ஒரே ஒரு நவீனக் கப்பலை வைத்து ஒட்டோமான் கடற்படையை எப்படி முடக்கினார் என்பதையும் யாராவது விளக்கினால் நல்லது.

சுக்கான்:
தேதி இரண்டும் சரிதான். கிரேக்கம் 1923 வரை ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 15க்கு மறுநாளை மார்ச் 1 ஆக்கினார்கள். 20ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 13 நாள். எனவே எல்லி பழைய கணக்கில் 1912 டிசம்பர் 3, புதிய கணக்கில் 16. அடுத்து நடந்த லெம்னோஸ் கடற்சண்டை பழைய கணக்கில் 1913 ஜனவரி 5, புதிய கணக்கில் 18. பலர் சறுக்குவது இரண்டு இடங்களில். ஒன்று, ஒரு சண்டையை மாற்றிவிட்டு மற்றதைப் பழைய தேதியிலேயே விட்டுவிடுவது, இடைவெளி தப்பாகிவிடும். மற்றது, 1923 மார்ச்சுக்குப் பிந்தைய தேதிகளுக்கும் 13 கூட்டுவது. குடியரசு அறிவிக்கப்பட்ட 1924 மார்ச் 25ஐத் தொடவே வேண்டாம்.

கப்பலுக்கு வருவோம். கவசக் குரூசர் (கவசம் பூண்ட வேகப் போர்க்கப்பல்) ‘அவெரோஃப்’ இத்தாலியின் லிவோர்னோவில் கட்டப்பட்டது. வணிகர் ஜார்ஜ் அவெரோஃபின் உயில் பணம் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அடைத்ததால் அவர் பெயர். சுமார் 10,000 டன், 234 மி.மீ. பீரங்கி 4, 190 மி.மீ. பீரங்கி 8, வேகம் 22 நாட் (மணிக்கு 22 கடல் மைல்) என்ற அளவுக்கு மேல். எதிரே ‘பார்பரோஸ்’, ‘துர்குத்’ என்ற ஜெர்மன் தயாரிப்புப் போர்க்கப்பல்கள், ஒவ்வொன்றிலும் 280 மி.மீ. பீரங்கி 6. குண்டின் பருமனில் ஒட்டோமான் கை ஓங்கியிருந்தது. கிரேக்கரிடம் இருந்தது வேகம்தான், ஆனால் அணியாகப் போனால் அதுவும் கிடைக்காது. ‘ஹைட்ரா’, ‘ஸ்பெத்சை’, ‘ப்சாரா’ என்ற 1889 காலத்துக் கப்பல்களின் வேகத்துக்கு ‘அவெரோஃப்’ இறங்கிப்போக வேண்டும்.

எல்லியில் குந்துரியோத்திஸ் செய்தது இதை உடைத்ததுதான். தனித்து இயங்கப் போவதாக Z என்னும் கொடியை ஏற்றினார். அணியை விட்டு விலகி, சுமார் 20 நாட் வேகத்தில் எதிரி வரிசையின் தலைக்கு முன்னால் குறுக்கே பாய்ந்தார். குறுக்கே போகும் கப்பல் தன் பக்கவாட்டுப் பீரங்கிகளை முழுக்கப் பயன்படுத்தலாம். வரிசையில் வருபவரோ பெரும்பாலும் முதல் கப்பலின் முன்பீரங்கிகளால் மட்டுமே சுட முடியும், பின்னால் வருபவருக்கு முன்கப்பலே மறைப்பு. ஒட்டோமான் அணி திரும்பியபோது வரிசை குலைந்தது, டார்டனெல்ஸ் நீரிணைக்குள் போய்விட்டது. ஆபத்து இல்லாமல் இல்லை. வாயிலில் கரைக்கோட்டைப் பீரங்கிகள் இருந்தன. ‘அவெரோஃப்’ சுக்கான் பழுதாகி அங்கே நின்றிருந்தால் மீட்க வேறு கப்பல் கிடையாது.

பழையவரைபடம்:
சுக்கான் சொன்னது சண்டை நடந்த விதம். என் பார்வையில் அவருடைய பெரிய முடிவு ஒரு மாதம் கழித்து எடுத்தது, அதுவும் ஓடாமல் நின்ற முடிவு. 1912 அக்டோபரிலேயே லெம்னோஸ் தீவைப் பிடித்து மூத்ரோஸ் விரிகுடாவைத் தளமாக்கியிருந்தார். அங்கிருந்து டார்டனெல்ஸ் வாயில் ஏறத்தாழ 50 கடல் மைல். அனத்தோலியாவிலிருந்தும் சிரியாவிலிருந்தும் துருப்புகளைக் கடல்வழியே மாசிடோனியாவுக்குக் கொண்டுபோக ஒட்டோமான்களால் முடியாமல் போனதற்கு இதுவே காரணம்.

1913 ஜனவரியில் ‘ஹமிதியே’ என்ற ஒட்டோமான் வேகக் குரூசர் நழுவி வெளியேறி, சிரோஸ் தீவின் துறைமுகத்தில் ‘மாசிடோனியா’ என்ற கிரேக்கக் கப்பலைத் தாக்கியது. ‘அவெரோஃப்’ அதைத் துரத்திக்கொண்டு தெற்கே போகட்டும் என்பதுதான் திட்டம். ஏதென்ஸ் துரத்தச் சொன்னது, குந்துரியோத்திஸ் நகரவில்லை. அடுத்த சில நாட்களில் ஒட்டோமான் அணி வெளியே வந்தபோது ‘அவெரோஃப்’ அங்கேயே இருந்தது. லெம்னோஸ் சண்டைக்குப் பிறகு அந்த அணி ஏஜியன் கடலுக்குள் மீண்டும் வந்து போரிடவில்லை.

நெய்தல்:
நன்றி இருவருக்கும். எல்லிக்கு முன் தன் கப்பல்களுக்கு அனுப்பிய செய்தியில் கடவுளின் வலிமையோடு மன்னரின் ஆசியையும் சேர்த்துச் சொல்கிறாரே. நான்கே ஆண்டில் மன்னருக்கு எதிரணி. அதுதான் புரியவில்லை.

பழையவரைபடம்:
அது வேறு மன்னர். முதலாம் ஜார்ஜ் 1913 மார்ச்சில் தெசலோனிகியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்தவர் கான்ஸ்டன்டைன். முதல் உலகப் போரில் நடுநிலை என்று அவரும், நேச நாடுகளோடு சேர வேண்டும் என்று பிரதமர் வெனிசெலோஸும் நின்றார்கள். 1915–16இல் கடற்படை அமைச்சராக இருந்த குந்துரியோத்திஸ், 1916 செப்டம்பரில் வெனிசெலோஸுடன் கிரீட்டுக்குக் கப்பலேறினார். தெசலோனிகியில் வெனிசெலோஸ், ஜெனரல் தங்லிஸ், இவர் என மூவர் தலைமையில் தனி அரசு. எல்லியின் நாயகன் கூட இருந்ததால் அதை வெறும் கட்சிக் கலகம் என்று தள்ளிவிட எதிர்த்தரப்பால் முடியவில்லை.

அதன் பிறகு, அரியணை காலியாகும்போதெல்லாம் இவரைத்தான் அழைத்தார்கள். 1920 அக்டோபரில் கான்ஸ்டன்டைனின் மகன் மன்னர் அலெக்சாண்டர் குரங்குக்கடியால் இறந்ததும் சில வாரங்கள் அரசப் பிரதிநிதி. நவம்பர் தேர்தலில் வெனிசெலோஸ் தோற்றதும் விலகினார். 1923 டிசம்பரில் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் நாட்டைவிட்டுப் போனதும் மறுபடி அதே பதவி. 1924 மார்ச்சில் குடியரசு, ஏப்ரல் 13 வாக்கெடுப்பில் ஏறக்குறைய 70 சதவீத ஆதரவு, இவர் அதிபர். முடியாட்சியின் வாசனை தெரிந்தவர், ஆனால் தனக்கென்று அதிகாரம் தேடாதவர் என்பதால் இரு தரப்பிலும் மிதவாதிகளுக்கு இவர் தோதாகப் பட்டார் என்று நினைக்கிறேன்.

சுக்கான்:
பதவிக் காலக் குழப்பம் இங்கேதான். ஜெனரல் பங்காலோஸ் 1925 ஜூனில் ஆட்சியைப் பிடித்து, 1926 ஜனவரியில் சர்வாதிகாரியானார். மார்ச்சில் குந்துரியோத்திஸ் ராஜினாமா. ஆகஸ்டில் ஜெனரல் கொந்திலிஸ் பங்காலோஸைக் கவிழ்த்ததும் திரும்ப அழைக்கப்பட்டார். 1927 அக்டோபரில் சுடப்பட்டு, தலையில் காயத்துடன் பிழைத்தார். 1929இல் நாடாளுமன்றமும் செனட்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தன. அதே டிசம்பரில் உடல்நிலை காரணமாக விலக, சைமிஸ் அதிபரானார். ஆக 1924–26, 1926–29 என்று இரண்டு துண்டாக எழுதுங்கள்.

தேடும்போது இன்னொன்று: 1820களில் கிரேக்க விடுதலைப் புரட்சி அரசின் தலைவராகவும் 1848இல் பிரதமராகவும் இருந்த ஜார்ஜ் குந்துரியோத்திஸ் இவருடைய பாட்டனார். ஹைட்ரா தீவின் அதே குடும்பம் என்பதால் படங்கள்கூட மாறிப் போயிருக்கும். நமது அட்மிரல் பிறந்தது 1855, இறந்தது 1935 ஆகஸ்ட்.