மைக்ரேஷன்: ‘இடம்பெயர்வு’ வேண்டாம், ‘மாற்றேடு’ ஆகுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வலைச்செயலிகளின் தரவுத்தளத்தில் மாற்றம் செய்ய நாம் எழுதும் சிறு கோப்பான மைக்ரேஷனுக்குத் தமிழில் ‘இடம்பெயர்வு’, ‘பெயர்ச்சி’ என்று இரண்டு சொற்கள் நம் கலைச்சொல் குழுவில் முன்வைக்கப்பட்டன. இரண்டாவதைக் கேட்டதும் எந்த ராசிக்கு என்ன பலன் என்று கேட்கத் தோன்றுகிறது, அதை விட்டுவிடலாம். முதலாவதை மறுப்பதற்குத் தக்க காரணம் உண்டு. ஒரு சேவையகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தரவை மொத்தமாகக் கொண்டுபோகும் வேலைக்கு ‘இடம்பெயர்வு’ பொருந்தும். ஆனால் ஜாங்கோ, ரெயில்ஸ் போன்ற வலைச்செயலிச் சட்டகங்களில் நாம் அன்றாடம் எழுதும் மைக்ரேஷனில் தரவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைத் தாங்கும் அட்டவணையில்தான் ஒரு நெடுவரிசை கூடுகிறது, ஒன்றின் பெயர் மாறுகிறது, ஒன்றின் வகை மாறுகிறது. குடியிருப்பவர்களை வெளியேற்றாமலே இரண்டாங்கட்டுச் சுவரை இடித்து வாசல் வைப்பதைப் போன்ற வேலை அது. அதிலும் செட்டிநாட்டில் இடம்பெயர்வு என்றால், இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்களும், 1942இல் பர்மாவை விட்டுத் திரும்பியவர்களும்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள்.

தேவகோட்டை அண்ணன் சொன்ன ‘மாற்றுப்படி’ எனக்குப் பிடித்திருந்தது. மாற்றத்தின் ஒவ்வொரு படியையும் அது குறிக்கிறது. ஆனால் ‘படி’ என்பதற்கு நகல் என்ற பொருளும் வலுவாக இருப்பதால், புதிதாகப் படிப்பவர் அதை மாற்று நகல் என்று, அதாவது பேக்கப் என்று, எடுத்துக்கொள்வார். தரவுத்தள வேலையில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆபத்தானது.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்ப்போம். மைக்ரேஷன் என்பது ஒரு சிறிய கோப்பு; ஜாங்கோவில் அதற்கு வரிசை எண் உண்டு, ரெயில்ஸில் எழுதிய நேரமே எண்ணாகிறது. ஒவ்வொரு தரவுத்தளத்திலும் அது ஒரே ஒரு முறை ஓட வேண்டும் என்பதால், எவையெவை ஓடி முடிந்தன என்ற பதிவு அந்தத் தரவுத்தளத்துக்குள்ளேயே ஒரு தனி அட்டவணையில் இருக்கிறது. ஓடி முடிந்த கோப்பை யாரும் திருத்தக் கூடாது; தவறு இருந்தால் அடுத்த எண்ணில் இன்னொரு கோப்பு எழுத வேண்டும். இதைச் சொன்னபோது என் அப்பச்சி (அப்பா), “பேரேட்டில் அடித்து எழுதாதே என்றுதானே நாங்களும் சொல்லிக்கொடுத்தோம்” என்றார். அங்கிருந்துதான் எனக்குச் சொல் கிடைத்தது.

மாற்று + ஏடு = மாற்றேடு. பேரேடு, குறிப்பேடு என்ற கணக்குக் குடும்பத்தில் இது இயல்பாக உட்காருகிறது. மாற்றேட்டை, மாற்றேட்டில், மாற்றேடுகள் என்று வேற்றுமை உருபும் பன்மையும் தடையின்றி ஏறுகின்றன. ஏடு என்பது ஓலையின் ஒற்றை இதழையும் குறிப்பதால், வரிசையாக நிற்கும் கோப்புகளின் தொகுதியை ‘ஏட்டுக்கட்டு’ எனலாம். அதைத் தரவுத்தளத்தில் செயற்படுத்துவது ‘ஏடு கோத்தல்’. திரும்ப எடுப்பது ‘ஏடு உருவல்’. ஒரே ஏட்டின் மேல் இருவர் தனித்தனியே அடுத்த ஏட்டை எழுதிவிட்டால், ஜாங்கோவில் இரண்டையும் சேர்க்க எழுதுவது ‘இணைப்பேடு’.

திரும்ப எடுப்பதற்கு ‘மீட்டல்’ போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது என்பதை நான் பட்டே அறிந்தேன்.

எங்கள் ஊர்க் கோயில் வரிக்கணக்கை ஒரு சிறிய ஜாங்கோ செயலியில் எழுதியிருக்கிறேன். நகரத்தார் வழக்கில் மணமான தம்பதி ஒரு புள்ளி, அதாவது வரிக்கான ஓர் அலகு. மகனுக்குத் திருமணமானால் புதுப் புள்ளி பிறக்கிறது. நான் ‘புள்ளி’ என்ற நெடுவரிசையை முழு எண்ணாக வைத்துவிட்டேன். தம்பதியரில் ஒருவர் காலமானால் மற்றவர் அரைப்புள்ளி என்பது அப்போது என் நினைவில் இல்லை. ஏழாவது மாற்றேட்டில் அந்த நெடுவரிசையைத் தசம எண்ணாக மாற்றினேன். அதன் பிறகு அப்பச்சி பேரேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினொரு குடும்பங்களுக்கு 0.5 என்று தம் கையாலேயே பதிந்தார். சில நாள் கழித்து வேறொரு பக்கம் உடைந்தது. அவசரத்தில் ஏழாவது ஏட்டை உருவி, சரிசெய்து, மறுபடியும் கோத்தேன். ஜாங்கோ ஓர் எச்சரிக்கையும் தரவில்லை, ஏனெனில் வகை மாற்றத்தைத் தலைகீழாக்க அதற்குத் தெரியும். ஆனால் நான் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தசம எண்ணை முழு எண்ணாக்கும்போது 0.5ஐ 1 என்று மேலே தள்ளுகிறது. அமைப்பு திரும்பி வந்தது, அரைகள் வரவில்லை. தனியாக வாழும் ஓர் ஆச்சி, முழு வரிக்கான ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு முகப்பில் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. காகிதப் பேரேடு இருந்ததால் தப்பினேன்.

ஆகவே, ஏட்டை உருவுவதால் தரவு மீண்டுவிடாது என்பதைச் சொல்லே காட்ட வேண்டும். ‘மீட்டல்’ என்ற சொல் பேக்கப்பிலிருந்து எடுப்பதற்கு மட்டுமே இருக்கட்டும்.

அமைப்பை மாற்றுவதும் தரவை மாற்றுவதும் வேறு வேலைகள் என்பதால் ‘அமைவு மாற்றேடு’, ‘தரவு மாற்றேடு’ என்று இரண்டு உட்பிரிவுகளும் தேவை. போஸ்ட்கிரெஸில் இவ்விரண்டையும் ஒரே கோப்பில் கலக்க வேண்டாம் என்று ஜாங்கோவின் ஆவணமே அறிவுறுத்துகிறது. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் அமைப்பு மாற்றக் கட்டளை ஒவ்வொன்றும் உடனே நிலைபெற்றுவிடுவதால், ஏடு நடுவில் முறிந்தால் பாதி மாறியும் பாதி மாறாமலும் நிற்கும். பெரிய அட்டவணைகளில் நெடுவரிசையின் வகையை நேரடியாக மாற்றினால் பெரும்பாலும் அட்டவணை முழுவதும் திரும்ப எழுதப்பட்டு, முடியும் வரை பூட்டப்பட்டிருக்கும். அங்கே புது நெடுவரிசையைப் பழையதன் பக்கத்தில் சேர்த்து, செயலியை இரண்டிலும் எழுத வைத்து, பழைய நிரைகளைத் தரவு மாற்றேட்டால் சிறு சிறு தொகுதிகளாக நிரப்பி, வாசிப்பைப் புதியதற்கு மாற்றி, சில வாரங்கள் கழித்தே பழையதை நீக்குவார்கள். நானும் என் அரைப்புள்ளியை அப்படித்தான் செய்திருக்க வேண்டும். சிறிய அட்டவணைதானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன்.

‘மாற்றேடு’ என்றால் பழைய பேரேட்டுக்குப் பதிலாக வைக்கும் புதுப் பேரேடு என்று தோன்றாதா என்பது என் மனைவியின் ஆட்சேபம். தனிச்சொல்லாகக் கேட்டால் தோன்றத்தான் செய்கிறது. ‘ஏழாவது மாற்றேட்டைக் கோத்தாயிற்றா’ என்று வாக்கியத்தில் வரும்போது தோன்றவில்லை.

இன்னொரு சிக்கல் தீரவில்லை. தலைகீழாக்க வழியே இல்லாத மைக்ரேஷனை ‘உருவா ஏடு’ என்றால் உருவாகாத ஏடு என்ற பொருள் வந்துவிடுகிறது. ‘உருவ இயலாத ஏடு’ நீளமாக இருக்கிறது. இதற்கு மட்டும் யாராவது நல்ல சொல் தந்தால், மற்றவற்றோடு சேர்த்துக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து