இயற்பியல் படித்தவர் சமூகவியல் பேராசிரியர் ஆக முடியுமா?

தண்டையார்பேட்டை_பையன்:
வணக்கம். எம்எஸ்சி இயற்பியல், கடைசி வருடம். மனிதக் கூட்டம் நகர்வதை இயற்பியல் முறையில் ஆராய்கிற டிர்க் ஹெல்பிங் பற்றிப் படித்ததிலிருந்து வேறு எதிலும் மனசு ஓடவில்லை. ஜெர்மனியின் கோட்டிங்கனில் இயற்பியல் படித்தவர், 2007-இல் சுவிட்சர்லாந்தின் இடிஎச் சூரிச் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர் ஆகியிருக்கிறார். துறையில் கேட்டால் "அது இயற்பியலே இல்லைப்பா" என்கிறார்கள். அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அவரிடம் இதை எப்படிச் சொல்வது?

காசிமேட்டுக்காரி:
இயற்பியல்தான் தம்பி. இதில்தான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன், அடித்துச் சொல்வேன்.

ஹெல்பிங்கும் மோல்னாரும் 1995-இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கு. நடக்கிற மனிதரைத் துகளாக வைக்கிறார்கள். போக வேண்டிய இடம் இழுக்கும். பக்கத்தில் வருபவரும் சுவரும் தள்ளும். கணினியில் ஓடவிட்டால், எதிரெதிரே வருகிறவர்கள் யாரும் சொல்லாமலே வரிசை வரிசையாகப் பிரிந்துவிடுவார்கள்.

திரையில் அதை முதல்முறை பார்த்தபோது எனக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைவீதிதான் கண்ணுக்குள் வந்தது. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "முன்னாடி போறவங்க முதுகைப் பார்த்தே வா" என்பார். பச்சை ஜாக்கெட், வியர்வையில் நடுமுதுகு மட்டும் கறுத்துப்போன ஒரு முதுகு. அதன் பின்னாலேயே நடந்தால் யார் மேலும் இடிக்காமல் அந்தக் கடைசிவரை போய்விடலாம். அந்த நடை ஒரு சமன்பாட்டுக்குள் இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு அழுதுவிட்டேன்.

2000-இல் ஃபர்காஸ், விச்செக் இருவரோடும் சேர்ந்து ஹெல்பிங் நேச்சர் ஆய்விதழில் எழுதியதையும் படி. எல்லோரும் அவசரப்பட்டால் வாசல் அடைத்துக்கொண்டு வெளியேறுவது இன்னும் தாமதமாகிறது. உயிர் காக்கிற கணக்கு அது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போனபோது இயற்பியல் துறையில் "இது சமூகவியல்" என்றார்கள், சமூகவியல் துறையில் "இது இயற்பியல்" என்றார்கள். இரண்டு வருடம் அப்படியே போனது. அதனால் ஏராளமான துகள்கள் சேர்ந்து எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிடுகிற புள்ளியியல் இயக்கவியலை அசைக்க முடியாதபடி படி, பைத்தானில் நிரல் எழுது, முனைவர் பட்டச் சேர்க்கைக்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகு. தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலேயே இந்தத் துறையில் ஆராய்ச்சி நடக்கிறது.

எண்ணூர்_ரோடு:
அப்பாவிடம் சுகியாமா குழுவின் சோதனையைச் சொல்லுங்கள். ஜப்பானில் நடத்தி, 2008-இல் வெளியிட்டார்கள். 230 மீட்டர் வட்டப்பாதை, 22 கார்கள், ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே நெரிசல் உண்டாகி, பின்பக்கமாக நகர ஆரம்பித்தது.

தண்டையார்பேட்டை_பையன்:
நேற்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். அப்பா கையை உதறிவிட்டு, "முன்னாடி எதுவுமே இல்லாமலா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், "ஹார்பர் லைன்ல நான் எப்பவும் ஒரு வண்டி இடம் விட்டுத்தான் மெதுவா உருட்டுவேன். பின்னாடி இருக்கறவன் ஹாரன் அடிப்பான். ஆனா எனக்கு அடிக்கடி பிரேக் போடற வேலை இல்லை" என்றார். தட்டில் சோற்றுப் பருக்கைகளை வரிசையாக வைத்தே காட்டினார். அதை நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன்.

அக்கா, ஜெஸ்ட்டுக்கு எந்தப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்?