ஜூலைக் குளிரில் ஒரு பச்சைப் புல் திட்டு

கரண்டு காசைப் பற்றி எல்லோரும் புலம்புகிறோம், நானும் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் வாடகை வீடு, நாங்கள் நான்கு பேர். திருநெல்வேலி வெயிலில் வளர்ந்த எனக்கு ஆடி என்றால் காற்று, குற்றாலச் சாரல். இங்கே ஆடி என்றால் காலையில் கார்க் கண்ணாடியில் உறைந்திருக்கும் பனியைச் சுரண்ட வேண்டும். வீடு இந்தக் குளிருக்கென்று கட்டியதே இல்லை, கூரைத் தகரம், கீழே சீலிங் பலகை, நடுவில் வெறும் காற்று.

இங்கே கரண்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டி டோக்கன் வாங்கி மீட்டரில் ஏற்ற வேண்டும். கோடையில் மூன்று வாரம் வரும் டோக்கன் ஜூனில் பத்து நாளில் தீர்ந்தது. பழி முழுக்க ஹீட்டர் மேல்தான் விழுந்தது. 2000 வாட் எண்ணெய் ஹீட்டரை எடுத்து அலமாரி மேல் ஏற்றிவிட்டு, பிள்ளைகளுக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டு, ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். கொஞ்சம் குறைந்தது, ஆனால் நாங்கள் பட்ட பாட்டுக்கு அது ஒன்றுமே இல்லை.

நடுவில் ஒரு முட்டாள்தனம் வேறு செய்தேன். இந்த நாட்டு மின்சார நிறுவனமான எஸ்காமிடம் நேரடியாக வாங்குகிறவர்களுக்கு 2025 ஏப்ரலிலேயே கட்டணம் 12.74 சதவீதம் ஏறிவிட்டது, எங்களைப் போல முனிசிபாலிட்டி மூலம் வாங்குகிறவர்களுக்கு வழக்கம்போல ஜூலை 1. அதற்கு முன்னால் வாங்கிக் குவித்துவிடலாம் என்று ஜூன் கடைசியில் மொத்தமாக டோக்கன் வாங்கினேன். ப்ரீபெய்டில் ஒரே மாதத்தில் வாங்க வாங்க யூனிட் விலை படிப்படியாக ஏறும் என்பது தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. மேல் படி விலையில் வாங்கியதில், மிச்சம் பிடிக்க நினைத்ததைவிட அதிகம் போனது.

அப்புறம்தான் மீட்டரோடு உட்கார்ந்தேன். ஒரு ராத்திரி பத்து மணிக்கு டிபி போர்டில் (வீட்டு பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) கீசர் தவிர எல்லாவற்றையும் அணைத்தேன், ஃப்ரிட்ஜ் உட்பட (வீடே ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கும்போது பால் எங்கே கெடப்போகிறது). காலை ஐந்து மணி வரை யாரும் வெந்நீர்க் குழாயைத் தொடவில்லை, ஆனாலும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் யூனிட் போயிருந்தது. 150 லிட்டர் கீசர் சும்மா சூடாக இருப்பதற்கே ஒரு நாளைக்கு இரண்டரை யூனிட் சுமார் இழக்கும், அது கணக்கில் உண்டு. அப்படிப் பார்த்தால் ஏழு மணி நேரத்துக்கு முக்கால் யூனிட் போதும். மீதி எங்கே?

விடையைக் காட்டியது ஹடீடா பறவை. இந்தப் பக்கம் குளிர்காலத்தில் மழையே கிடையாது, ஜூலையில் புல்லெல்லாம் வைக்கோல் நிறமாகிவிடும், உங்களுக்குத் தெரியும். எங்கள் குளியலறைச் சுவருக்குப் பின்னால் மட்டும் பாய் அகலத்துக்குப் பச்சைப் புல், அதில் இரண்டு ஹடீடா தினமும் வந்து புழு குத்திக்கொண்டிருக்கும். வேடிக்கை பார்த்தேனே தவிர ஏன் என்று யோசிக்கவில்லை. அன்று போய்ப் பார்த்தால், கூரைக்குள்ளிருந்து வரும் கீசர் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது, தொட்டால் சுடுகிறது. 20 லிட்டர் வாளி வைத்தேன், எட்டு மணி நேரத்தில் நிறைந்தது. ஒரு நாளைக்கு 60 லிட்டர். 15 டிகிரித் தண்ணீரை 70 டிகிரிக்கு ஏற்றிப் புல்லுக்கு ஊற்றியிருக்கிறோம், நாளுக்கு மூன்றரை யூனிட்டுக்கு மேல், மாதத்துக்கு 110க்கு மேல்!

பிளம்பர் வந்து கீசரின் பாதுகாப்பு வால்வை மாற்றினார். குளிர்ந்த தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் அழுத்த வால்வு, சுடுதண்ணீர் என்றால் இந்த வால்வு என்றார். செலவு வீட்டுக்கார அக்காவுடையது. அவர் குடும்பம் இங்கே வந்து நாலு தலைமுறை ஆயிற்று, தமிழ் கொஞ்சம்தான் வரும். "அந்த இடம் ரெண்டு வருஷமா பச்சையா இருக்கே, நல்ல இடம்னு அங்கே பிள்ளையார் வைக்க நெனச்சேன்" என்றார். நான் சிரிக்கவில்லை, வாடகை வீடு.

அதே நாளில் பிளம்பர் தெர்மோஸ்டாட் 70இல் இருந்ததை 60க்கு இறக்கினார். அதற்கும் கீழே வேண்டாம், வெதுவெதுப்பில் லீஜியோனெல்லா கிருமி வளரும். நீங்களே செய்வதென்றால் டிபியில் கீசரை அணைக்காமல் அந்த மூடியைத் திறக்காதீர்கள். கீசருக்குப் போர்வை சுற்றினோம், வெந்நீர் வெளியேறும் குழாய்க்கும் உறை போட்டோம். ஷவர் 10 லிட்டர் வாளியை 35 விநாடியில் நிறைத்தது, நிமிடத்துக்கு 17 லிட்டர், அதை எடுத்துவிட்டு எட்டு லிட்டர் ஷவர் தலை மாட்டினேன். ஜூலையில் அதே பணத்து டோக்கன் பதினாறு நாள் வந்தது, விலை ஏறிய பிறகும். ஹீட்டரை அலமாரியிலிருந்து இறக்கியாயிற்று, சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவர் பதில்:

அண்ணே, டர்பனில் எங்களுக்கு ஹீட்டரே வேண்டாம், ஆனால் கீசர் எங்களையும் தின்கிறது. என் தமிழ் ஞாயிற்றுக்கிழமை வகுப்புத் தமிழ், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ரெண்டு வருஷம் காலையும் மாலையும் டிபி போர்டில் கீசர் பிரேக்கரைத் தட்டித் தட்டி அணைத்தேன். கடைசியில் பிரேக்கர் தேய்ந்து தானே விழ ஆரம்பித்தது. எலக்ட்ரீஷியன் திட்டினார், அது தினமும் தட்டுகிற ஸ்விட்ச் இல்லையாம். இப்போது டைமர் போட்டிருக்கிறேன், காலை நாலரைக்கு ஏறும், ஆறரைக்கு நிற்கும்.

இன்னொன்று, எங்கள் ஆயா (பாட்டி) பீன்ஸை ராத்திரி ஊறவைத்து, காலையில் ஒரு கால் மணி நேரம் நன்றாகக் கொதிக்க விட்டு, சட்டியோடு கம்பளியில் சுற்றி அட்டைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். மத்தியானம் பஞ்சு மாதிரி இருக்கும். இப்போது அதையே வொண்டர்பேக் என்று பை தைத்து விற்கிறார்கள், நம் நாட்டில் 2008இல் ஆரம்பித்ததுதான். நான் வாங்கினேன், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆயா பார்த்திருந்தால் இதற்குக் காசா என்று கேட்டிருப்பார்.

பிரிட்டோரியா பக்கம் சென்சூரியனிலிருந்து இன்னொருவர்:

கீசரை அணைத்துவிட்டுத் திரும்பச் சூடாக்கினால்தான் செலவு அதிகம் என்று என் ஆபீஸில் அடித்துச் சொல்கிறார்கள், யார் சொல்வது சரி?

நான் போன வருஷம் கேஸ் ஹீட்டர் வாங்கினேன், ஒன்பது கிலோ சிலிண்டரோடு. சூடு அருமை. ஆனால் ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் எனக்கும் மனைவிக்கும் தலைவலி, கண்ணாடியெல்லாம் வேர்த்து வழிந்து, ஒரு மாதத்தில் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை. கேஸ் எரிந்தால் நீராவி வரும் என்று பள்ளியில் படித்ததுதான். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் தலைவலி இல்லை, சூடும் இல்லை. இப்போது மின்சாரக் கம்பளிதான், நூறு வாட்கூட இல்லை, படுப்பதற்கு அரை மணி முன்னால் போட்டுப் படுக்கும்போது அணைத்துவிடுகிறோம்.

லெனேசியாவிலிருந்து, மறுபடி நான்:

தம்பி, ஆபீஸில் சொல்வது தப்பு. கீசர் ஆற ஆற வெளியே போகும் சூடும் குறையும், அதனால் அணைத்தால் மிச்சம்தான். ஆனால் கொஞ்சம்தான். போர்வை சுற்றிய பிறகு எனக்கு ஒரு நாளைக்கு அரை யூனிட்கூடத் தேறவில்லை, அதற்காக மனைவியிடம் வெந்நீர் இல்லை என்று திட்டு வாங்க நான் தயாரில்லை. முதலில் வீட்டுக்கு வெளியே போய் அந்தக் குழாயைத் தொட்டுப் பாருங்கள்.

எங்கள் பச்சைத் திட்டும் இப்போது வைக்கோலாகிவிட்டது. ஹடீடா இரண்டும் மூன்று நாள் வந்து தரையைக் கொத்திப் பார்த்துக் கத்திவிட்டு, பக்கத்து வீட்டுப் பின்பக்கம் போய்விட்டன. அங்கேயும் ஒரு பச்சைத் திட்டு இருக்கிறது, நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.