ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் 17 மைலேஜ்: காரில் கோளாறா, கணக்கில் கோளாறா?

செங்கைவண்டி (கேள்வி)

2023 மாடல், 1.5 லிட்டர் பெட்ரோல் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (இன்ஜினோடு, தனியாகவும் வண்டியை ஓட்டக்கூடிய மின் மோட்டார் உள்ளது) எஸ்யூவி. ஓடியது 42,000 கி.மீ. ஏ.ஆர்.ஏ.ஐ. (வாகனச் சோதனை நிறுவனம்) மைலேஜ் லிட்டருக்கு 27 கி.மீ.க்கு மேல். முதல் வருடம் 22, 23 கொடுத்தது. இப்போது சில மாதங்களாக 17.4-ஐத் தாண்டவில்லை. மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எதுவும் இல்லை. ஸ்கேன் போட்டுப் பார்த்ததில் கோளாறு கோட் ஒன்றும் வரவில்லை.

வார நாளில் வேளச்சேரி – கிண்டி, ஒரு வழி 6 கி.மீ. மாதம் இரண்டு முறை விழுப்புரம், ஜி.எஸ்.டி. சாலையில் 105–110 வேகம். மாதம் மொத்தம் 1,100 கி.மீ. வரும். 38,000-ல் நான்கு டயரும் மாற்றியாயிற்று.

எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது? இதை விற்றுவிட்டு எலக்ட்ரிக் வாங்குவது மேலா?

பங்க்_எதிரில்

20 சதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல்தான் காரணம். வேறெதுவும் தேட வேண்டாம்.

டார்க்‌_ரெஞ்ச்

ஈ20-க்குப் பங்கு உண்டு, ஆனால் இவ்வளவு இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல், எத்தனாலில் சுமார் 21. இருபது சதம் கலந்தால் லிட்டருக்கு சுமார் 29.8, அதாவது சுத்த பெட்ரோலைவிட 6–7 சதம் குறைவு. ஏற்கெனவே ஈ10 ஊற்றிக்கொண்டிருந்தவருக்கு இழப்பு அதில் பாதிதான். 22.5-லிருந்து 17.4 என்பது சுமார் 23 சதம் சரிவு. மீதியை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

ஏ.ஆர்.ஏ.ஐ. எண்ணோடு ஒப்பிடவே வேண்டாம். அந்தச் சோதனை ஆய்வகத்தில் ரோலர் மேல், ஏ.சி. இல்லாமல் நடக்கிறது. சராசரி வேகம் 32 கி.மீ. பக்கம், உச்ச வேகம் 90. உங்களுடைய பழைய 22.5-தான் சரியான அளவுகோல்.

முதலில் அளவு சரியா பாருங்கள். ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் ஆட்டோ கட்-ஆஃபோடு நிறுத்துங்கள்; மேலே தட்டித் தட்டி நிரப்ப வேண்டாம். இப்படி மூன்று டேங்க் ஓட்டி, மொத்த கி.மீ.யை மொத்த லிட்டரால் வகுங்கள். ஒரே டேங்க் கணக்கில் ஒன்றிரண்டு லிட்டர் முன்பின் இருக்கும்.

பிறகு இவற்றைச் சொல்லுங்கள்: பழைய டயர் சைஸ், புது டயர் சைஸ், காற்று எவ்வளவு, கூரையில் கேரியர் உண்டா, ஓடும்போது கூலன்ட் வெப்பநிலை என்ன. கடைசியைப் பார்க்க ஓ.பி.டி. டாங்கிள் (காரின் சோதனை சாக்கெட்டில் செருகி போனில் அளவு பார்க்கும் சின்னக் கருவி) போதும். அரை மணி ஓடிய பிறகும் 60–65 டிகிரியிலேயே நின்றால் தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்தபடியே சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஹைப்ரிட்டில் அது பெரிய நஷ்டம்: சூடு ஏறாதவரை இன்ஜின் அணையாது. அதற்கான பி0128 கோளாறு கோட் எல்லா நேரமும் வந்துவிடாது.

செங்கைவண்டி

பழையது 215/60 ஆர்17. புதியது 235/60 ஆர்17, ஆல்-டெரெய்ன் பட்டன் (கரடுமுரடான பாதைக்கான, கட்டை கட்டையான மேல்பரப்புள்ள டயர்). காற்று 28 பி.எஸ்.ஐ., ஓட்டிப்போய் சூடாக இருக்கும்போது பார்த்தது. கேரியர் போன பொங்கலிலிருந்து கழற்றவில்லை. கூலன்ட் 84–88.

டார்க்‌_ரெஞ்ச்

தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கிறது, அதை விடுங்கள். பாதி விடை டயரிலேயே கிடைத்துவிட்டது.

215/60 ஆர்17 டயரின் விட்டம் 689.8 மி.மீ. 235/60 ஆர்17 என்றால் 713.8. வித்தியாசம் 3.5 சதம். சக்கரம் ஒரு சுற்றில் அவ்வளவு கூடுதலாகப் போகிறது, ஓடோமீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 100 கி.மீ. காட்டினால் வண்டி 103.5 ஓடியிருக்கிறது. ஆகவே உங்கள் 17.4 உண்மையில் 18. மீட்டரில் 110 காட்டும்போதும், முன்பு 110-ல் போனதைவிட சுமார் 4 கி.மீ. வேகமாகப் போகிறீர்கள்.

இது கணக்குக் கோளாறு. உண்மையான நஷ்டம் ரப்பரில். ஆல்-டெரெய்ன் பட்டன் உருளும்போது அதிகம் நெளிகிறது, எடையும் கூடுதல். உருளல் தடை 10 சதம் கூடினால் எரிபொருள் 1–2 சதம் கூடும். இந்த வகை டயரில் தடை 10 சதத்தோடு நிற்காது. காற்றையும் சேருங்கள். சூட்டில் 28 என்றால் குளிர்ந்த நிலையில் 25 பக்கம். கதவுத் தூணில் 33 என்று ஒட்டியிருந்தால் எட்டு குறைவு. ஒரு பி.எஸ்.ஐ.க்குச் சுமார் 0.2 சதம், ஆக ஒன்றரை சதம் அதில் போகிறது. மைலேஜைவிட டயர் தோள் தேய்வதுதான் எனக்குக் கவலை.

பெரிய தொகை நெடுஞ்சாலையில் போகிறது. இந்த உயர வண்டிக்கு 80-ல் காற்றுத் தடை சுமார் 260 நியூட்டன், 100-ல் 400. வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. டயர் தடை இரண்டிலும் 140 சொச்சம்தான். இன்ஜின் திறன் 36 சதம் என்று வைத்தால் 80-ல் 27 கி.மீ.யும், 100-ல் 20-உம் வரும். 110-ல் கேரியரோடு போனால் 17, 18 என்பது கோளாறே இல்லை, இயற்பியல். பிரேக் போடாமல் ஒரே வேகத்தில் போகும் சாலையில் ஹைப்ரிட் மோட்டாருக்குச் சேமிக்க ஒன்றும் கிடைப்பதில்லை.

காலிப்பர்_பின்

சர்வீஸில் விட்டுப்போகும் இரண்டு இடம் இருக்கிறது.

ஒன்று, பின் சீட் பக்கத்தில் ஹைப்ரிட் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் ஜன்னல். அதற்குள் சின்ன வலை ஃபில்டர். வண்டியை ஆஃப் செய்து, மூடியைக் கழற்றி, ஃபில்டரை வெளியே எடுத்து வாக்குவம் போடுங்கள். கழுவினால் முழுக்க உலர்ந்த பிறகே மாட்டுங்கள். அது அடைத்தால் பேட்டரி சூடாகி, சார்ஜ் வாங்குவதையும் கொடுப்பதையும் கம்ப்யூட்டர் குறைத்துவிடும். அந்த வேலையை இன்ஜின் செய்யும். பின் சீட்டில் ஃபேன் சத்தம் கூடுவதுதான் அடையாளம். ஃபில்டரோடு நிறுத்துங்கள். ஆரஞ்சு நிற வயர் தெரியும் எதையும் தொடக் கூடாது.

இரண்டாவது, பிரேக் இழுப்பு, அதாவது பிரேக் முழுதாக விடாமல் உரசிக்கொண்டே இருப்பது. ஹைப்ரிட்டில் மோட்டாரே பாதி பிரேக் பிடிப்பதால் காலிப்பருக்கு (பிரேக் பேடை அழுத்தும் பகுதி) வேலை குறைவு, அது நகர்வதற்கான ஸ்லைடர் பின் துருப்பிடித்து இறுகும். பத்து கி.மீ. ஓட்டி, கடைசியில் பிரேக் அழுத்தாமல் உருண்டு நிற்கவிட்டு, நான்கு ரிம்மிலும் லேசர் தெர்மாமீட்டர் பிடியுங்கள். ஒன்று மட்டும் 15–20 டிகிரி கூடுதலாக இருந்தால் அதுதான். பின்னைக் கழற்றி, துடைத்து, சிலிக்கான் பிரேக் கிரீஸ் வைத்து மாட்டினால் போதும். சாதாரண கிரீஸ் வைத்தால் ரப்பர் பூட் உப்பிவிடும்.

ஓட்டும்போது: சிக்னலில் நியூட்ரலுக்குப் போகாதீர்கள், அதில் பேட்டரி சார்ஜ் ஏறாது. கியர் லீவரில் உள்ள பி (B) மோடு மலை இறக்கத்துக்கு மட்டும். அதில் இன்ஜினை வீணாகச் சுற்றவிட்டு வேகத்தைக் குறைக்கிறது, ஊருக்குள் போட்டால் சேமிக்க வேண்டியது போய்விடும்.

செங்கைவண்டி

மூன்று டேங்க் முடித்துவிட்டேன். காற்று குளிரில் 33, கேரியர் கழற்றியாயிற்று, ஃபில்டர் வலை தெரியாத அளவுக்குத் தூசி இருந்தது. முன் இடது ரிம் 61 டிகிரி, மற்றவை 42–44. அதன் கீழ் ஸ்லைடர் பின் இறுகியிருந்தது. நெடுஞ்சாலையில் 90. மீட்டர் கணக்கில் 20.6.

டார்க்‌_ரெஞ்ச்

உண்மைக் கணக்கில் 21.3. மீதி ஒன்று டயரிலும், 6 கி.மீ. பயணத்திலும் இருக்கிறது. அந்த தூரத்தில் முதல் இரண்டு கி.மீ. இன்ஜினைச் சூடாக்கவே போகிறது, அதற்கு மருந்து இல்லை. அடுத்த முறை 215/60-க்கே திரும்புங்கள்.

கிமீ_கணக்கு

விற்பது பற்றி. லிட்டர் 101 ரூபாய் என்று வைப்போம். 18-ல் ஓடியபோது கி.மீ.க்கு 5.61, இப்போது 4.74. மாதம் 1,100-க்கு ஏறக்குறைய 950 ரூபாய் மிச்சம்.

எலக்ட்ரிக்கில் சார்ஜர் இழப்பும் சேர்த்து யூனிட்டுக்கு 6 கி.மீ. வீட்டு மின்சாரம் 10 ரூபாய் என்றால் கி.மீ.க்கு 1.67. வெளியில் 20 ரூபாய்க்கு ஏற்றினால் 3.33. உங்கள் ஓட்டத்துக்கு இரண்டு மாதத்தில் 360 யூனிட்டுக்கு மேல் கூடும். ஈ.பி. ரீடிங் 500-ஐத் தாண்டினால் ஸ்லாப் அட்டவணையே மாறும், அதனால் சராசரியைப் போடாமல் கூடும் யூனிட்டின் விலையைப் போடுங்கள்.

வீட்டிலேயே ஏற்றினால் மாதம் 3,380 மிச்சம், வருடத்துக்கு 40,500. மாற்றுவதில் கையிலிருந்து 5 லட்சம் கூடுதலாகப் போனால் திரும்ப 12 வருடம். மாதம் 2,500 கி.மீ. ஓடுபவருக்கு அதே தொகை ஐந்தரை வருடத்தில் திரும்பும். உங்களுக்கு இப்போது மாற்றுவது நஷ்டம்.

பங்க்_எதிரில்

லிட்டருக்கு 100 கி.மீ. போகும் கார் வந்ததே, அது ஏன் சாலையில் இல்லை?

டார்க்‌_ரெஞ்ச்

ஃபோக்ஸ்வாகன் எக்ஸ்.எல்.1, 2013. 100 கி.மீ.க்கு 0.9 லிட்டர் டீசல், அதாவது லிட்டருக்கு 111. ஆனால் பிளக் போட்டு ஏற்றிய 5.5 யூனிட் பேட்டரியின் மின்சாரம் அந்த லிட்டர் கணக்கில் வராது. எடை 795 கிலோ, இரண்டே சீட், கார்பன் ஃபைபர் உடல், காற்றுத் தடை எண் 0.19. முன் டயர் அகலம் 115 மி.மீ. தெரியுமா, நம் ஊர் மோட்டார் சைக்கிள் பின் டயர் அளவு! 250 வண்டிதான் கட்டினார்கள், விலை ஒரு லட்சம் யூரோவுக்கு மேல். எரிபொருளில் மிச்சப்படுத்தி அந்த விலையை யாராலும் எடுக்க முடியாது.

அதில் காசில்லாமல் கிடைப்பவை ஒல்லி டயரும், வெறும் கூரையும், நிதான வேகமும். செங்கைவண்டி, 215 டயர் மாட்டியதும் அதே முறையில் மூன்று டேங்க் அளந்து இங்கே போடுங்கள். மீட்டர் அப்போது சரியாக இருக்கும், 1.035-ஆல் பெருக்க வேண்டாம்.