ரெண்டர் செய்ததும் ஒலி பின்தங்குகிறது: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. கோயில் நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைக் கைபேசியில் படமாகவும், தனி ரெக்கார்டரில் ஒலியாகவும் பதிவு செய்தேன். எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ரெண்டர் செய்த, அதாவது முழு வீடியோவாக வெளியே எடுத்த கோப்பிலோ, போகப்போக ஒலி பின்தங்குகிறது. கடைசியில் தவில்காரர் கையை எடுத்த பிறகுதான் அடி கேட்கிறது!

ஒலி 48,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்) வேவ் கோப்பு. புராஜெக்ட்டும் அதே அளவில்தான். ஒலியை மட்டும் தனியாக ரெண்டர் செய்தால் நீளம் சரியாக இருக்கிறது. அதனால் என் சந்தேகமெல்லாம் கைபேசிப் படத்தின் மேல்தான். கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் பார்த்தால், பிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படங்கள் என்பது) நிலையாக இல்லை என்று காட்டுகிறது. புதுக் கணினி வாங்கச் சொல்லாதீர்கள், காசில்லை. வீடியோவை மாற்றும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக் கொண்டு படத்தை நொடிக்கு நிலையாக 30 பிரேமுக்கு மாற்றினால் போதுமா? மாற்றினால், ஏற்கெனவே போட்ட வெட்டுகள் இடம் நகர்ந்துவிடுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.